குடியேறிய நாட்டில் ஓட்டுநர் உரிமம்: அங்கீகாரமும் மறுதேர்வும்

தாய்நாட்டில் முறைப்படி தேர்வு பெற்றுப் பல்லாண்டுகள் வண்டி ஓட்டிய ஒருவர், வேறொரு நாட்டில் குடியேறிய ஆறு மாதத்திலோ ஓராண்டிலோ அந்நாட்டுச் சட்டத்தின் பார்வையில் உரிமம் இல்லாதவராகிவிடுகிறார். அவர் கையிலுள்ள அட்டை காலாவதியாகியிருக்காது; சொந்த ஊருக்குத் திரும்பினால் அதைக்கொண்டு தடையின்றி ஓட்டலாம்; ஆனால் குடியேறிய நாட்டில் அது செல்லாது. சுற்றுலாப் பயணியாக வந்து இரண்டு வாரம் வாடகைக் காரில் ஊர் சுற்றுபவருக்கு அளிக்கப்படும் நம்பிக்கை, அங்கேயே வீடெடுத்து வரி கட்டி வாழ்பவருக்கு ஏன் மறுக்கப்படுகிறது, மறுக்கும் நாடுகள் அவருக்கு என்ன வழியைத் திறந்துவைக்கின்றன, அவ்வழிகளில் எவை நியாயமானவை என்பனவே இங்கு ஆராயப்படும் கேள்விகள்.

இந்த வேறுபாட்டின் வேர் பன்னாட்டு உடன்படிக்கைகளிலேயே இருக்கிறது. மோட்டார் வண்டிகள் எல்லை கடக்கத் தொடங்கியதும் 1909இல் பாரிசில் முதல் உடன்படிக்கை உருவாயிற்று. அதன் தொடர்ச்சியாக 1926இல் பாரிசிலும், 1949இல் ஜெனீவாவிலும், 1968இல் வியன்னாவிலும் புதிய உடன்படிக்கைகள் எழுந்தன. இன்று வழக்கிலுள்ள பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி என்னும் சிற்றேடு இவற்றின் வழி வந்ததே. அது தனித்த உரிமம் அன்று. சொந்த நாட்டு உரிமத்தில் உள்ள செய்திகளைப் பல மொழிகளில் பெயர்த்துக் காட்டும் துணை ஆவணம் மட்டுமே. இந்தியாவில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் இதை ஓராண்டுக்கு வழங்குகிறது. இலங்கையில் அங்குள்ள ஆட்டோமொபைல் சங்கம் வழங்குகிறது. எந்த உடன்படிக்கையின்கீழ் வழங்கப்பட்டது என்பதும் முக்கியம்: ஜப்பான் 1949ஆம் ஆண்டின் ஜெனீவா வடிவத்தை மட்டுமே ஏற்கிறது, 1949, 1968 ஆகிய இரு உடன்படிக்கைகளிலும் சேராத சீனப் பெருநிலத்தில் எந்த வடிவமும் செல்லாது.

ஆண்டுதோறும் இந்த அனுமதியை ஊரிலிருந்து புதுப்பித்து வரவழைத்தால் குடியேறிய நாட்டில் காலமெல்லாம் ஓட்டலாம் என்ற எண்ணம் புலம்பெயர்ந்தோரிடையே பரவலாக உள்ளது. அது தவறு. 1968ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை, அதன் 41ஆம் பிரிவில், தன் வழக்கமான வசிப்பிடத்தை மற்றொரு நாட்டுக்கு மாற்றிக்கொண்டவரின் பழைய உரிமத்தையோ பன்னாட்டு அனுமதியையோ ஏற்க வேண்டிய கட்டாயம் அந்த நாட்டுக்கு இல்லை என்று வெளிப்படையாகவே கூறுகிறது. வழக்கமான வசிப்பிடம் என்பது ஒருவர் தொழிலாலும் குடும்பத்தாலும் நிலையாகத் தங்கியிருக்கும் இடம். ஆக, உடன்படிக்கைகள் பயணிகளுக்காக எழுதப்பட்டவை. குடியேறுவோரை அவை அந்தந்த நாட்டின் விருப்பத்துக்கு விட்டுவிட்டன. அந்த விருப்பம் நாட்டுக்கு நாடு, சில இடங்களில் மாநிலத்துக்கு மாநிலம், வேறுபடுகிறது.

பொதுவாக மூன்று வகை வழிகள் காணப்படுகின்றன. பழைய உரிமத்தை ஒப்படைத்துவிட்டுத் தேர்வின்றிப் புதிய உரிமம் பெறும் நேரடி மாற்றம் ஒன்று. அனுபவத்தைக் கணக்கில் கொண்டு தேர்வின் ஒரு பகுதியையோ கட்டாயப் பயிற்சியையோ தள்ளுபடி செய்யும் இடைவழி மற்றொன்று. புதிதாகக் கற்பவரைப் போலவே தொடக்கத்திலிருந்து வரச் சொல்வது மூன்றாவது. ஒரே நாடு மூன்று வழிகளையும் வைத்திருக்கலாம். வந்தவர் எந்த நாட்டு உரிமத்தோடு வந்தார் என்பதைப் பொறுத்து அவருக்குரிய வாசல் முடிவாகிறது.

பிரிட்டன் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. அங்கு வசிக்கத் தொடங்கிய நாளிலிருந்து 12 மாதம் வரை வெளிநாட்டு உரிமத்தில் கார் ஓட்டலாம். ஆஸ்திரேலியா, கனடா, ஜப்பான், சிங்கப்பூர், தென்னாப்பிரிக்கா, ஜிம்பாப்வே முதலியன அடங்கிய குறிப்பிட்ட நாடுகளின் பட்டியலில் உள்ளவர்கள் ஐந்தாண்டுக்குள் விண்ணப்பித்துத் தேர்வின்றி உரிமத்தை மாற்றிக்கொள்ளலாம். இந்தியாவும் இலங்கையும் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வந்தவர், பழகுநர் நிலைக்குரிய தற்காலிக உரிமம் பெற்று, எழுத்துத் தேர்வையும் சாலைத் தேர்வையும் முழுமையாகக் கடக்க வேண்டும். எழுத்துத் தேர்வில் 50 வினாக்களுக்கு 43 சரியான விடை வேண்டும். அதோடு இணைந்த ஆபத்தறி தேர்வில், சாலைக் காட்சிகள் அடங்கிய 14 படத்துணுக்குகளைப் பார்த்து, ஆபத்து உருவாகத் தொடங்கும் கணத்தில் பொத்தானை அழுத்தி 75க்கு 44 மதிப்பெண் எடுக்க வேண்டும். சாலைத் தேர்வு ஏறத்தாழ 40 நிமிடம் நடக்கிறது. அதில் சிறு பிழைகள் 15 வரை பொறுக்கப்படும், கடுமையான பிழை ஒன்றே ஆனாலும் தோல்விதான். தேர்வு எழுதுவோரில் ஏறக்குறைய பாதிப்பேர் தோற்கிறார்கள். ஆட்டோமேட்டிக் காரில் தேர்வு பெற்றவர் கியர் வண்டியை ஓட்ட முடியாது என்பதும் நினைவிற்குரியது.

தேர்வின்றி மாற்றிக்கொள்ளும் பிரிட்டனின் அந்தப் பட்டியலில் 2021இல் ஐக்கிய அரபு அமீரகம் சேர்க்கப்பட்டது. அதன் விளைவை எண்ணிப் பார்க்க வேண்டும். துபாயில் தேர்வெழுதி மூன்றாண்டு ஓட்டிய தமிழர் லண்டனுக்குப் போனால் படிவம் நிரப்பி உரிமத்தை மாற்றிக்கொள்கிறார். கோயம்புத்தூரில் இருபதாண்டு ஓட்டிய அவருடைய அண்ணன் அதே லண்டனில் பழகுநராகத் தொடங்குகிறார். இருவரில் யார் நன்றாக ஓட்டுபவர் என்று எவரும் பார்ப்பதில்லை. நாடுகளுக்கிடையிலான பரஸ்பர அங்கீகாரம், அதாவது ஒரு நாட்டின் தேர்வு முறையை மற்றொரு நாடு தன்னுடையதற்கு ஈடாக ஏற்பது, அடிப்படையில் அரசுகள் அரசுகள்மேல் வைக்கும் நம்பிக்கையே தவிர ஓட்டுநர்மேல் வைக்கும் நம்பிக்கை அன்று. அரசின் நற்பெயரும் குறையும் தனிமனிதரின் கணக்கில் வரவு வைக்கப்படுகின்றன என்பதே இம்முறையின் பெருங்குறை.

எனினும் மறுக்கும் நாடுகளின் தயக்கத்தைக் காரணமற்றது என்று தள்ளிவிட முடியாது. இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். தமிழ்நாட்டில் இருசக்கர வண்டிக்கு எட்டுப் போட்டுக் காட்டுவதும், காருக்குச் சிறிது தூரம் ஓட்டிக் காட்டுவதும் உரிமம் பெறப் போதுமானவையாக நெடுங்காலம் இருந்துவந்துள்ளன. சந்திப்புகளில் கவனிப்பு, வேகத் தேர்வு, பாதசாரிகளுக்கு வழிவிடுதல் ஆகியவற்றை முப்பது நாற்பது நிமிடம் உடன் அமர்ந்து மதிப்பிடும் வழக்கம் இல்லை. வெளிநாட்டு அலுவலர் அந்த அட்டையைப் பார்த்து அதற்குப் பின்னால் என்ன தேர்வு நடந்தது என்று அறிய வழியில்லாதபோது, தானே ஒருமுறை தேர்வு செய்ய விரும்புவது இயல்பு. ஆகவே மறுதேர்வு வேண்டுமா என்பதைவிட, அந்தத் தேர்வு அனுபவமுள்ள ஓட்டுநருக்கு ஏற்றபடி அமைந்திருக்கிறதா என்பதே பொருத்தமான கேள்வி.

இவ்வகையில் இடைவழியைத் தேர்ந்த நாடுகள் கூடுதல் கவனத்துக்குரியவை. ஜெர்மனியில் வசிப்பிடம் அமைத்த ஆறு மாதம் வரை வெளிநாட்டு உரிமம் செல்லும். அதன்பின் இந்திய உரிமம் உடையவர் எழுத்துத் தேர்வும் சாலைத் தேர்வும் எழுதியே ஆக வேண்டும். ஆனால் புதிதாகக் கற்பவருக்குக் கட்டாயமான பயிற்சி வகுப்புகள் அவருக்குக் கட்டாயமில்லை. தமக்குத் தேவையான அளவு மட்டும் பயிற்சிப் பள்ளியில் ஓட்டிப் பார்த்துவிட்டுத் தேர்வுக்குச் செல்லலாம். சுவிட்சர்லாந்து இன்னும் சுருக்கமான வழியை வைத்திருக்கிறது: 12 மாதத்துக்குள், ஒரு நிபுணர் உடன் அமரும் ஒற்றைச் சோதனை ஓட்டம். இது கேட்பதற்கு எளிது. ஆனால் இந்த ஓட்டத்துக்கு மறுவாய்ப்பு கிடையாது. தோற்றவரின் வெளிநாட்டு உரிமம் அந்நாட்டில் அன்றே பயனற்றதாகி, அவர் பழகுநராகத் தொடக்கத்திலிருந்து வர வேண்டியிருக்கிறது. பதற்றத்தில் ஒரு சந்திப்பில் தவறியவரையும் ஓட்டவே தெரியாதவரையும் ஒரே தட்டில் வைக்கும் இந்த விதி மிகக் கடுமையானது. ஈழத்தமிழர் பெருமளவில் வாழும் நாடு என்பதால், போதிய பயிற்சியின்றி இந்தச் சோதனைக்குச் செல்ல வேண்டாம் என்று அங்குள்ள மூத்தவர்கள் புதியவர்களுக்குச் சொல்வது மிகவும் சரியான அறிவுரை.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் கடைப்பிடிக்கும் முறை, ஆராயப்பட்டவற்றுள் நியாயத்துக்கு மிக அண்மையில் நிற்கிறது. அங்கு 1994 முதல் படிநிலை உரிம முறை நடைமுறையில் உள்ளது: எழுத்துத் தேர்வுக்குப்பின் ஜி1, முதற் சாலைத் தேர்வுக்குப்பின் ஜி2, நெடுஞ்சாலை ஓட்டத்தையும் உள்ளடக்கிய இறுதித் தேர்வுக்குப்பின் ஜி என மூன்று நிலைகள். குடியேறியவர் முதல் 60 நாள் பழைய உரிமத்தில் ஓட்டலாம். உடன்பாடு இல்லாத நாட்டிலிருந்து வந்தவரும், அண்மைய மூன்றாண்டுகளில் இரண்டாண்டு ஓட்டிய அனுபவத்தை மெய்ப்பித்தால், படிநிலைகளுக்கிடையே காத்திருக்காமல் எழுத்துத் தேர்வும் கண் பரிசோதனையும் முடித்து நேரே இறுதிச் சாலைத் தேர்வுக்குப் போகலாம். அங்கே நாட்டின் பெயர் மட்டுமே முடிவு செய்வதில்லை. அனுபவத்துக்கு மதிப்பு கொடுக்கப்படுகிறது, திறமை கண்ணெதிரே சோதிக்கப்படுகிறது. இதிலும் ஒரு முள் உண்டு. ஓராண்டுக்கு மேற்பட்ட அனுபவத்தைக் கோருபவர், உரிமம் வழங்கிய அலுவலகத்திடமிருந்தோ தூதரகத்திடமிருந்தோ உறுதிக் கடிதம் பெற்றுவர வேண்டும். தன் அரசிடமிருந்து உயிர் தப்பி வந்த அகதி, அதே அரசின் தூதரக வாசலில் நின்று கடிதம் கேட்க இயலாது. ஏதிலிகளாக வந்தவர்களுக்கு இத்தகைய விதிகளில் மாற்று ஆவணத்துக்கு இடமளிப்பது எந்த நாட்டுக்கும் கடமையாகும்.

வளைகுடா நாடுகளில் நிலைமை வேறு. அங்கு உரிமம் பலருக்குப் பிழைப்பே. வீட்டு ஓட்டுநராகவும் லாரி ஓட்டுநராகவும் செல்லும் தமிழர்கள் ஏராளம். துபாயில் ஐரோப்பிய நாடுகள் பலவற்றின் உரிமம் நேரடியாக மாற்றித் தரப்படுகிறது. இந்திய, இலங்கை உரிமம் உடையவர்கள் பயிற்சி நிலையத்தில் சேர்ந்து, அனுபவ ஆண்டுகளுக்கேற்பக் குறையும் வகுப்புகளை முடித்து, மைதானச் சோதனையையும் சாலைச் சோதனையையும் கடக்க வேண்டும். பயிற்சிக் கட்டணமும் ஒவ்வொரு தோல்விக்குப் பின்னும் சேரும் கூடுதல் வகுப்புகளும் ஒரு தொழிலாளியின் பல மாதச் சேமிப்பை விழுங்கிவிடுபவை. 2023இல் வகுப்பின்றி ஒரேமுறை நேரடியாகத் தேர்வெழுதிப் பார்க்கும் வாய்ப்பு அங்கு அறிமுகமானது வரவேற்கத்தக்கது. குவைத் 2014இல் விதித்த நிபந்தனைகளோ ஓட்டும் திறனோடு தொடர்பே அற்றவை: வெளிநாட்டவர் உரிமம் பெற மாதம் 600 தினார் ஊதியமும், பட்டப்படிப்பும், ஈராண்டு வசிப்பும் பொதுவாகத் தேவை என்றாக்கப்பட்டது. சாலை நெரிசலைக் குறைப்பதற்காக ஏழைகளைச் சாலையிலிருந்து விலக்கும் இத்தகைய விதியைப் பாதுகாப்பின் பெயரால் நியாயப்படுத்த இயலாது. சவூதி அரேபியாவில் 2018 ஜூன் வரை பெண்கள் ஓட்டவே அனுமதி இல்லாததால், பிற நாடுகளில் உரிமம் பெற்றுவந்த பெண்களின் அனுபவமும் அங்கே பயனற்றுக் கிடந்தது.

அமெரிக்காவில் இது முழுக்க மாநிலங்களின் அதிகாரம். வசிப்பிடமாக்கிக்கொண்டபின் கலிபோர்னியாவில் 10 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். டெக்சாசில் 90 நாள் கிடைக்கும். தற்காலிக விசாவில் இருப்பவரின் உரிமம், அவருடைய தங்கும் அனுமதி முடியும் நாளோடு முடிந்துவிடுவது அங்கு பெருந்தொல்லை; விசா நீட்டிப்பு தாமதமானால் உரிமமும் தடைப்படுகிறது. அந்த அட்டையே அன்றாட அடையாள அட்டையாகவும் இருப்பதால், தாமதம் வெறும் ஓட்டத் தடையோடு நிற்பதில்லை.

இந்தத் தேர்வுகளில் அனுபவமுள்ளவர்கள் ஏன் தோற்கிறார்கள் என்பது இவ்வாய்வின் மிக முக்கியமான பகுதி. அவர்களுக்கு வண்டியைக் கையாளத் தெரியாமலில்லை. மதுரையின் மாசி வீதிகளில் நெருக்கத்தில் ஓட்டிப் பழகியவருக்கு கிளட்சும் கியரும் சிக்கலே அல்ல. அவர்களைத் தோற்கடிப்பவை ஆண்டுக்கணக்கில் உடலில் ஊறிய பழக்கங்கள். இந்தியச் சாலையில் ஓட்டுநரின் கவனம் முன்னால் குவிந்திருக்கிறது; பின்னால் வருபவர் ஹாரன் அடித்துத் தன் இருப்பைத் தெரிவிப்பார் என்ற எதிர்பார்ப்பின்மேல் முழுப் போக்குவரத்தும் நடக்கிறது. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பின்னால் என்ன நடக்கிறது என்பதை அறிவது முன்னால் செல்பவரின் பொறுப்பு. ஒவ்வொரு வேக மாற்றத்துக்கும் திசை மாற்றத்துக்கும் முன்பு கண்ணாடிகளைப் பார்ப்பதையும், கண்ணாடியில் தெரியாத பக்கப் பகுதியைத் தலைதிருப்பிப் பார்ப்பதையும் தேர்வாளர் எண்ணிக்கொண்டிருப்பார். ஹாரன் ஒலி அங்கே எச்சரிக்கை. வழி கேட்கும் குரல் அன்று.

நிறுத்துக் குறியும் இத்தகையதே. சாலையில் எவருமே இல்லாவிடினும் சக்கரங்கள் முற்றிலும் அசைவற்று நின்ற பிறகே புறப்பட வேண்டும். மெதுவாக ஊர்ந்து கடப்பது ஒன்டாரியோவில் தோல்விக்குப் போதுமானது. மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்து சிவப்பு விளக்கை மின்னவிட்டு நின்றால், நடுத்தடுப்பு இல்லாத சாலையில் எதிர்த்திசையில் வருபவரும் நிற்க வேண்டும் என்பதை இந்தியாவிலிருந்து வருபவர் அதற்குமுன் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார். ஜெர்மனியில் குறியீடு ஏதுமற்ற சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கே முன்னுரிமை. பெரிய சாலையில் வருபவருக்கே முதல் வழி என்று பழகியவர், சிறு தெருவிலிருந்து வரும் காருக்காக நிற்க மறப்பது எளிது. பிரிட்டனில் ரவுண்டானாவை நெருங்குபவர் வலப்பக்கம் வருபவருக்கு வழிவிட வேண்டும். 2022 ஜனவரியில் திருத்தப்பட்ட சாலை விதிநூலின்படி, தெருமுனையில் கடக்கக் காத்துநிற்கும் பாதசாரிக்கும் வண்டி நின்று வழிவிட வேண்டும். இடப்பக்கப் போக்குவரத்திலிருந்து வலப்பக்கப் போக்குவரத்துக்கு மாறுவது இவற்றையெல்லாம்விடப் பெரிதாகத் தோன்றினாலும், பலருக்கு அது சில வாரங்களில் கைவந்துவிடுகிறது. கண் பழக்கம்தான் நாள் பிடிக்கிறது. புதிதாகக் கற்பவர் இவற்றை வெற்று மனத்தோடு கற்கிறார். அனுபவசாலியோ கற்றதை முதலில் கழற்றிவைக்க வேண்டியிருக்கிறது. ஆதலால் அவருக்குத் தேவைப்படுவது, நாற்பது மணிநேரத் தொடக்கப் பயிற்சியும் அன்று, முழுத் தள்ளுபடியும் அன்று. அந்நாட்டுச் சாலையை நன்கறிந்த ஒரு பயிற்றுநரோடு, பழக்கங்களைத் திருத்துவதையே குறியாகக் கொண்ட சில அமர்வுகள்.

மொழி இத்தேர்வுகளின் மற்றொரு வாசல். பிரிட்டனின் எழுத்துத் தேர்வில் வினாக்களை ஆங்கிலம் அல்லாத 19 மொழிகளில் ஒலிவடிவில் கேட்கும் வசதி ஒருகாலத்தில் இருந்தது. அவற்றுள் தமிழும் ஒன்று. 2014 ஏப்ரலில் அது நிறுத்தப்பட்டது. சாலைக் குறிப்புகளைப் படிக்கத் தெரியாதவர் ஓட்டுவது ஆபத்து என்பதும், மொழிபெயர்ப்பாளர் வழி முறைகேடு நடக்கிறது என்பதும் காரணங்களாகக் கூறப்பட்டன. இரண்டாவது காரணத்துக்கு வலு உண்டு. முதலாவது அவ்வளவு உறுதியானதன்று. சாலைக் குறிகள் பெரும்பாலும் படங்களே, அவற்றிலுள்ள சொற்களோ மிகச் சில. தேர்வு வினாக்களின் வளைந்த சட்ட நடையைப் புரிந்துகொள்ளும் ஆங்கிலமும், சாலையில் தேவைப்படும் ஆங்கிலமும் வேறு வேறு. ஜெர்மனி 12 அயல்மொழிகளில் எழுத்துத் தேர்வை நடத்துகிறது. அவற்றுள் தமிழ் இல்லை. ஒன்டாரியோவிலும் துபாயிலும் தமிழில் எழுதலாம். டொராண்டோவில் ஐம்பது வயதைக் கடந்து வந்துசேர்ந்த தாய்மார்கள் தமிழில் எழுத்துத் தேர்வு எழுதிச் சாலைக்கு வந்து, பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவிடுவதற்கு இந்த வசதியே துணை நின்றிருக்கிறது. விதியை அறிந்திருக்கிறாரா என்பதுதான் கேள்வி என்றால், அதை அவருடைய மொழியில் கேட்பதே நேர்மை.

உரிமம் தாமதமாவதன் விலையை அலுவலகங்கள் அறிவதில்லை. பிரிட்டனில் முதியோரின் வீடுகளுக்கே சென்று பராமரிக்கும் பணிக்கு 2022 முதல் வெளிநாடுகளிலிருந்து பல்லாயிரவர் வந்தனர். ஒரு வீட்டிலிருந்து மறுவீட்டுக்குக் காரில் செல்ல வேண்டிய அப்பணியில், 12 மாதச் சலுகைக்காலம் முடிந்ததும் உரிமம் இல்லாதவர் வேலையையே இழக்க நேரிடும். கோவிட் காலத்துக்குப் பின் அங்குச் சாலைத் தேர்வுக்கு நாள் கிடைக்கப் பல மாதம் காத்திருக்க வேண்டியுள்ளது. காலக்கெடுவை விதிக்கும் அரசு, அந்தக் கெடுவுக்குள் தேர்வு எழுத நாள் தர முடியாதிருப்பது நியாயமன்று. கெடு கடந்தபின் பழைய உரிமத்தில் ஓட்டுபவரின் காப்பீடும் செல்லாமற்போகலாம். அந்நிலையில் ஒரு விபத்து நேர்ந்தால் அதன் முழுச் சுமையும் அவர் தலைமேல் விழும். தேர்வு பெற்ற பிறகும், முதல் ஈராண்டில் ஆறு தண்டனைப் புள்ளி சேர்ந்தால் உரிமம் பறிபோகும் விதி, இருபதாண்டு ஓட்டியவரையும் புதியவராகவே நடத்துகிறது.

புறப்படுமுன் செய்யத்தக்கவை சில உண்டு. காலாவதி நெருங்கிய உரிமத்தை ஊரிலேயே புதுப்பித்துவிட வேண்டும். இந்தியாவில் காலாவதியாகி ஓராண்டுக்கு மேலானால் மீண்டும் தேர்வு எழுத நேரும். பழைய புத்தக வடிவ உரிமம் வைத்திருப்பவர்கள் அது மத்திய கணினிப் பதிவேட்டில் ஏறியுள்ளதா என்று பார்த்து, ஏறாவிட்டால் ஏற்றச் செய்ய வேண்டும். வெளிநாட்டு அலுவலர் சரிபார்க்கும்போது பதிவில் இல்லாத உரிமம் போலியாகவே தோன்றும். முதன்முதல் உரிமம் பெற்ற நாளையும் வண்டி வகைகளையும் காட்டும் ஆங்கிலச் சான்றை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திடமும், இழப்பீடு கோராத ஆண்டுகளுக்கான கடிதத்தைக் காப்பீட்டு நிறுவனத்திடமும் வாங்கிக்கொள்வது நல்லது. தேர்வே இல்லாமல் ஐரோப்பிய உரிமம் பெற்றுத் தருவதாகக் கூறும் தரகர்களை அணுகக் கூடாது. அவர்கள் தருவது போலி அட்டை, அதனால் விசாவே பறிபோகக்கூடும்.

தமிழ்நாட்டிலிருந்து ஆண்டுதோறும் இத்தனை பேர் வெளியேறும் நிலையில், வெளிநாட்டு அலுவலகம் இணையத்தில் நேரடியாகச் சரிபார்க்கத்தக்க ஓட்டுநர் அனுபவச் சான்றை ஒரே நாளில் வழங்கும் ஏற்பாட்டை மாநிலப் போக்குவரத்துத் துறை செய்துதர வேண்டும். தூதரகங்களும் அதற்கு ஒப்புதல் முத்திரை இடுவதைக் காலந்தாழ்த்தாமல் செய்ய வேண்டும். புதிய நாட்டில் கால்வைத்தவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம்: சலுகைக்காலம் முதலில் கார் ஓட்டிய நாளிலிருந்து கணக்கிடப்படுவதில்லை, அங்கே வசிக்கத் தொடங்கிய நாளிலிருந்தே கணக்கிடப்படுகிறது.